ஒரு தோள், இரண்டு வரைபடம்

திருச்சி தில்லைநகர் குறுக்குத் தெருக்களில் பல் மருத்துவர், கண் மருத்துவர் பலகைகளுக்கு நடுவே பிசியோதெரபி பலகைகளும் பெருகிவிட்டன. ‘டிரிக்கர் பாயிண்ட் தெரபி’, ‘டிரை நீட்லிங்’ என்று அவற்றில் எழுதியிருக்கும். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தால் ‘வர்மம், தொக்கணம்’ என்று வேறு வகைப் பலகை. அண்மைக்காலமாக இரண்டையும் ஒரே பலகையில் எழுதுகிறவர்களும் வந்துவிட்டார்கள். கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதான் சார். நம்ம வர்மத்தைத்தான் அவங்க பேரை மாத்தி வெச்சிருக்காங்க” என்று பதில் வரும். மேடையில் சொன்னால் கைதட்டல் விழும் பதில்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. விரல் பதியும் இடம் சில சமயம் ஒன்றாக இருக்கலாம். அந்த விரல் எதைத் தேடிப் போகிறது என்பது வேறு. வர்மம் மலைக்கோட்டை மாதிரி. எந்தத் தெருவிலிருந்து வந்தாலும், என்றைக்கு வந்தாலும் அதே இடத்தில் நிற்கும். டிரிக்கர் பாயிண்ட் காந்தி மார்க்கெட் நெரிசல் மாதிரி. இன்று இந்த முனையில் இருக்கும், நாளைக்கு வேறு முனையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இல்லாமலே போகும். ஒன்று எல்லா உடலிலும் பிறவியிலேயே இருக்கும் இடம். மற்றது நோகும் தசையில் மட்டும் உண்டாகி, சரியானால் மறையும் ஒரு நிலை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி வேறுபாடுகள் பெரும்பாலும் அதிலிருந்தே பிறப்பது தெரியும்.

முதலில் பிறந்த வீடுகளைப் பார்ப்போம். வர்மத்தின் தாய்வீடு திருச்சி அல்ல, கன்னியாகுமரிப் பக்கம். சிலம்பமும் அடிமுறையும் பயின்ற ஆசான்கள் எங்கே அடித்தால் ஆள் விழுவான் என்பதையும், விழுந்தவனை எப்படி எழுப்புவது என்பதையும் சேர்த்தே கற்றார்கள். அகத்தியர் பெயரில் வழங்கும் வர்ம பீரங்கி, வர்ம சூத்திரம், ஒடிவு முறிவு சரசூத்திரம் முதலிய ஏடுகள் அந்தக் கலையின் எழுத்து வடிவம். பரவலான கணக்கில் வர்மங்கள் 108. அதில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதை விடக் கடுமை குறைந்த தொடுவர்மம் 96. உடலில் அவை பகிர்ந்திருக்கும் விதம்தான் கவனிக்க வேண்டியது: தலை முதல் கழுத்து வரை 25, கழுத்து முதல் நாபி வரை 45, நாபிக்குக் கீழ் இடுப்புவரை 9, கைகளில் 14, கால்களில் 15. அதாவது மூன்றில் இரண்டு பங்கு தலையிலும் மார்பிலும் முதுகிலும் குவிந்திருக்கிறது. கைகால் இரண்டும் சேர்ந்தே 29தான்.

ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? இது வலியைப் பார்த்து வரைந்த படமல்ல, உயிரைப் பார்த்து வரைந்த படம் என்பதால். அடிபட்டால் மயக்கமோ மரணமோ வரும் இடங்கள் உடலின் நடுப்பகுதியில்தானே அதிகம்? ஒவ்வொரு படுவர்மத்துக்கும், அடிபட்டவரை இத்தனை நாழிகைக்குள் இளக்கித் தெளியவைக்க வேண்டும் என்று ஏடுகள் கெடு வைக்கின்றன. நாழிகைக்கு 24 நிமிடம். தசைப்பிடிப்புக்கு யாரும் கெடு வைப்பதில்லை.

டிரிக்கர் பாயிண்டின் பிறந்த வீடு மருத்துவமனை வார்டு. 1938-ல் லண்டனில் கெல்கிரன் என்ற மருத்துவர் உப்புக் கரைசலைத் தன்னார்வலர்களின் தசைகளில் ஊசி வழியே செலுத்தி, வலி எங்கே தோன்றுகிறது என்று குறித்துக்கொண்டார். குத்திய இடத்தில் மட்டுமல்ல, வெகு தூரத்திலும் வலி தெரிந்தது. அதே காலத்தில் நியூயார்க்கில் ஜேனட் டிராவெல் இதயநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரடைப்பு வந்து தேறியவர்கள் சிலருக்கு நெஞ்சிலும் தோளிலும் வலி விடாமல் நீடித்தது. தசையைத் தடவிப் பார்த்தால் அழுத்தம் தாங்காத புள்ளிகள் இருந்தன. அங்கே புரோக்கெய்ன் மருந்தை ஏற்றியபோது வலி அடங்கியது. 1942-ல் தோள் வலி பற்றி எழுதத் தொடங்கியவர், 1983-ல் டேவிட் சைமன்ஸோடு சேர்ந்து டிரிக்கர் பாயிண்ட் கையேட்டின் முதல் தொகுதியை வெளியிட்டார். அது உடலின் மேல்பாதிக்கு. இரண்டாம் தொகுதி 1992-ல் வந்தது. அது முழுக்க முழுக்க இடுப்பும் காலும். வர்ம ஏட்டில் 15 புள்ளிகள் பெற்ற கால்கள் இங்கே தனிப் புத்தகமே பெற்றன. நாற்காலியில் உட்கார்ந்தும் தொழிற்சாலையில் நின்றும் நோகும் உடலுக்கு வரைந்த படம் அது. (சைமன்ஸ் தசைக்கு வருமுன் அமெரிக்க விமானப்படை மருத்துவர். 1957-ல் பலூனில் ஏறி முப்பது கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்வந்தவர். அத்தனை உயரம் போன மனிதர் அரை அங்குல முடிச்சைத் தடவிப் பார்ப்பதில் மீதி வாழ்நாளைச் செலவழித்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.)

ஸ்ரீரங்கத்துக்கு இந்த இரண்டுமே வெளியூர்ச் சரக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே பழைய மருத்துவம் வேறு. ஹொய்சள வீரராமநாதன் காலத்தில், 1257-ல் கோயில் நான்காம் திருச்சுற்றில் ஓர் ஆரோக்கியசாலை ஏற்படுத்தியதைக் கல்வெட்டு சொல்கிறது. கருடவாகன பட்டர் மரபினரிடம் அதன் பொறுப்பு இருந்தது. படையெடுப்பில் சிதைந்ததை 1493-ல் அதே மரபில் வந்தவர் புதுப்பித்து, தன்வந்திரி எம்பெருமானை எழுந்தருளச் செய்தார். இன்றும் அந்தச் சன்னதியில் விளக்கு எரிகிறது. தன்வந்திரியிடம் பாடம் கேட்டவராகச் சொல்லப்படும் சுசுருதர் பட்டியலில் மர்மங்கள் 107. அவற்றைப் பொருள்வாரியாகப் பிரிக்கிறார்: தசையில் 11, குழாய்களில் 41, தசைநாண் நரம்புக் கட்டுகளில் 27, எலும்பில் 8, மூட்டில் 20. தசைக்கு 107-ல் 11 மட்டுமே! கத்தி வைக்கும் மருத்துவர் ஒதுங்கிப்போக வேண்டிய இடங்களின் பட்டியல் அது. வர்மமும் மர்மமும் ஒன்றா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. இரண்டுமே ஆபத்தின் வரைபடம் என்பது போதும். டிரிக்கர் பாயிண்ட் நூறு சதவீதம் தசையின் சமாசாரம். தசை இல்லாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

இனி ஒரு கழுத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுவது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில். சுற்றுக் கிராமங்கள் வரை பரவியிருந்தது. இப்போது தேய்ந்துவிட்டாலும் அடியோடு போய்விடவில்லை. சுழலும் சாணைச் சக்கரத்தின் முன் குனிந்து உட்கார்ந்து, கடுகளவு கல்லைப் பட்டை பட்டையாகத் தீட்ட வேண்டும். கண்ணுக்கும் கல்லுக்கும் ஒரு சாண் இடைவெளி. தலை முன்னே தொங்க, தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்க, மணிக்கணக்கில் அதே இருப்பு. ஐம்பது வயதில் அப்படிப்பட்ட ஒருவர் வலது பக்கத் தலைவலி என்று வருகிறார். கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி மாற்றியாயிற்று, வலி போகவில்லை.

பிசியோதெரபி படித்த பெண் அவரை உட்காரவைத்துக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் தசையைக் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே கிள்ளுவதுபோல் பிடித்துத் தூக்குகிறார். சதை உருளும்போது உள்ளே கயிறு மாதிரி ஓர் இழை தட்டுப்படுகிறது. இழை நெடுகிலும் விரலை ஓட்டினால் ஓரிடத்தில் பயறளவு முடிச்சு. அதைச் சுண்டினால் தசை ஒரு முறை துடிக்கிறது.

“இங்கயாண்ணே?”

“ஆ… அதேதான். அங்க அமுக்குனா கண்ணுக்குப் பின்னால ஏறுதும்மா. நெத்திப்பொட்டு வரைக்கும் போவுது.”

இந்தப் பதில்தான் டிரிக்கர் பாயிண்ட் முறையின் உயிர்நாடி. தோளின் மேல்தசையிலிருந்து வலி கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதைச் சுற்றி, நெற்றிப்பொட்டில் வந்து நிற்கும் வழியை டிராவெல் கேள்விக்குறி வடிவத்தில் வரைந்துவைத்திருக்கிறார். நோயாளி “இது என் வலிதான்” என்று அடையாளம் சொன்னால்தான் புள்ளி கிடைத்ததாகக் கணக்கு. சொல்லாவிட்டால் அது வெறும் இறுகிய சதை. விட்டுவிட்டு நகர வேண்டும். ஆக, நோயாளியின் வாய் இல்லாமல் இந்த வரைபடம் முழுமையாகாது.

அதே ஆள் வர்மம் அறிந்த சித்த மருத்துவரிடம் போனால் கேள்வியே வேறு மாதிரித் தொடங்கும். எப்போதாவது விழுந்தீர்களா? வண்டியில் போகும்போது தோளில் அடிபட்டதா? சின்ன வயதில் பாரம் ஏதாவது? வலியை விட அடிபட்ட கதைக்கு அங்கே மதிப்பு அதிகம். நாடி பார்ப்பார். பிறகு நோயாளியின் விரற்கடையை அளவுகோலாகக் கொண்டு, எலும்பு முனையிலிருந்து இத்தனை விரல் என்று அளந்து, தோளில் காக்கட்டைக் காலம் என்ற வர்மம், பிடரியில் வேறொன்று, கையில் வேறொன்று என்று தொடுவார். தொடுவார் என்றுதான் சொல்ல வேண்டும். நடுவிரலோ மூன்று விரல்களோ சில நொடிகள் பதிந்து, சற்றே சுழன்று, எடுத்துவிடும். நோகிறதா என்று கேட்பதுகூடக் கிடையாது. நொந்தாலும் நோகாவிட்டாலும் இடம் அதுதான். பிறகு காயத்திருமேனித் தைலம் போட்டுத் தடவல், உள்ளுக்கு ஒரு கஷாயம், சில நாள் பத்தியம். தசையைப் பிசைந்து வேலை வாங்குவது இதற்கு அடுத்த படி; அதற்குத் தொக்கணம் என்று தனிக் கலை இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. டிரிக்கர் பாயிண்டுக்கு உறவு தேடுகிறவர்கள் வர்மத்தின் வாசலில் நிற்பதற்குப் பதில் தொக்கணத்தின் கதவைத் தட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம். பிடித்தலும் அழுத்தலும் இழுத்தலும் சேர்ந்தால் பிசியோதெரபிஸ்ட் செய்வதற்கு வெகு அருகில் வந்துவிடும். ஆனால் தொக்கணத்துக்கு வர்மத்தின் மர்மக் கவர்ச்சி இல்லை. பலகையில் எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாது.

இடம் நிலையானதா, தேடிப் பிடிப்பதா என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு அண்மைய சான்று ஒன்று. 2025 ஜனவரியில் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஒரே நேரத்தில் 567 பேருக்கு வர்ம சிகிச்சை கொடுத்து கின்னஸ் சாதனை படைத்தது. புள்ளிகள் எல்லா உடலிலும் அதே அளவில் இருப்பதாகக் கொள்ளும் முறையால்தான் அப்படி வரிசையாக உட்காரவைத்து, ஒரே நேரத்தில் தொட முடியும். டிரிக்கர் பாயிண்டில் 567 பேரைக் கூட்டினால் 567 தேடல்கள் வேண்டும். சிலரிடம் தேடியும் கிடைக்காது. சாதனையாக அதைக் கொண்டாடலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அடிபட்ட கதையைக் கேட்டு, நாடி பார்த்து, ஆளுக்கு ஆள் அளந்து தொட்ட ஆசான்களின் முறை அந்தக் கூட்டத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்ற கேள்வி வராமல் இல்லை.

அழுத்தத்தின் அளவில் கதை திரும்புகிறது. வர்ம ஏடுகள் விரலின் அழுத்தத்துக்கு மாத்திரைக் கணக்கு வைத்திருக்கின்றன: கால் மாத்திரை, அரை, முக்கால், ஒன்று. ஒரு மாத்திரை முழு விசையோடு படுவது. அது காயப்படுத்தும் கணக்கு. மருத்துவத்துக்குக் கால் மாத்திரையும் அதைச் சுற்றியுமே. ஒரே புள்ளி அழுத்தத்தைப் பொறுத்து மருந்தாகவும் அடியாகவும் மாறும் என்ற அறிவு அடிதடியில் பிறந்த கலைக்குத்தான் இயல்பாக வரும்.

டிராவெல்–சைமன்ஸ் மரபு எதிர்த்திசையிலிருந்து அங்கே வந்துசேர்ந்தது. முதல் பதிப்பில் புள்ளியைத் தோல் வெளுக்கும் அளவுக்கு அமுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டும். 1999-ல் வந்த இரண்டாம் பதிப்பில் சைமன்ஸ் இதைக் கைவிட்டார். காரணமும் சொன்னார். அவருடைய விளக்கப்படி நரம்பு தசையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிச் சுரப்பதால் தசையிழையின் சிறு பகுதி சுருங்கியபடியே நின்றுவிடுகிறது, சுருங்கிய சதை தன் இரத்தக் குழாயைத் தானே நெரிக்கிறது, ஆக்சிஜன் குறைகிறது, தசை விடுபடவும் ஆற்றல் வேண்டும், அது கிடைப்பதில்லை. ஏற்கெனவே இரத்தம் எட்டாத இடத்தை இன்னும் அமுக்கி வெளுக்க வைப்பதில் என்ன நியாயம்? ஆகவே சதை எதிர்ப்புக் காட்டும் எல்லைவரை மட்டும் மெதுவாக அழுத்தி, அது தளரும்வரை காத்திருந்து, தளர்ந்ததும் பின்தொடரச் சொன்னார். மூலையில் கிடந்த ஏடும் அமெரிக்கப் பாடநூலும் நெருங்கி வரும் இடம் இதுதான், புள்ளிகளின் பட்டியலில் அல்ல.

ஆனால் இந்த மெதுவான அழுத்தம் திருச்சி மசாஜ் கூடங்களுக்கு இன்னும் வந்துசேரவில்லை. “நல்லா அழுத்துங்க, அப்பத்தான் எறங்கும்” என்று வாடிக்கையாளரே கேட்கிறார். முழங்கையை ஊன்றி ஆள் பாரத்தையே இறக்குகிறார்கள். மறுநாள் தோள் கன்றிப்போய் நீலம் பாய்ந்தால், “கெட்ட ரத்தம் வெளிய வருது” என்று விளக்கம் வேறு. இரண்டு மரபிலும் அந்த வார்த்தைக்கு ஆதாரம் கிடையாது.

இனி, நிரூபணம். இங்கே டிரிக்கர் பாயிண்டின் நிலை பலர் நினைப்பதை விட மோசம். அதே காரணத்தால் மதிப்புக்குரியதும்கூட. 1992-ல் ஒரு சோதனை. தசைவலி நிபுணர்களும், ஃபைப்ரோமயால்ஜியா எனும் உடல் முழுதும் பரவும் நாள்பட்ட வலியின் நிபுணர்களும் யார் நோயாளி, யார் நலமானவர் என்று தெரியாமல் ஒரே ஆட்களைத் தடவிப் பார்த்தார்கள். இறுகிய இழை எங்கே, துடிப்பு எங்கே என்பதில் நிபுணர்களுக்குள் ஒத்துவரவில்லை. அந்த முடிவை வெளியிட்ட கட்டுரையாளர்களில் சைமன்ஸும் ஒருவர். 1997-ல் கெர்வின் குழு மறுபடி முயன்றது: முதல் சுற்றில் தோல்வி, கூடிப் பயிற்சி செய்து, எப்படித் தடவுவது என்று ஒருமித்தபின் ஒத்துவந்தது. 2005-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜெய் ஷா நுண்ணூசி வழியே தசைக்குள்ளிருந்து திரவம் எடுத்து, நோகும் புள்ளியில் அழற்சிப் பொருள்கள் கூடியிருப்பதைக் காட்டினார். 2015-ல் ஆஸ்திரேலியாவின் குவின்ட்னர் உள்ளிட்ட மூவர், வலி உண்மை, ஆனால் இந்த முடிச்சுக் கோட்பாடு நிற்காது என்று நீண்ட மறுப்பு எழுதினார்கள். சண்டை இன்னும் முடியவில்லை. வலி குறைகிறது, அதுவும் சில வாரங்களுக்கு என்பதுதான் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளின் பொதுவான தொனி.

வர்மம் இப்படித் தன்னைத் திறந்து காட்டிச் சண்டை போட்டதில்லை. இரண்டு ஆசான்களைத் தனித்தனியே ஒரே உடலில் அளக்கச் சொல்லி, புள்ளிகள் எத்தனை மில்லிமீட்டர் விலகுகின்றன என்று பார்ப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல. ஆசான் நம்பிய சீடனுக்கு மட்டும், அதுவும் பல ஆண்டு பார்த்தபின், உயிர்ப் புள்ளிகளைச் சொல்வது என்ற மரபு அடிமுறைக் களத்தில் நியாயமானது. கண்டவன் கையில் கொலைக்கருவியைக் கொடுக்கக் கூடாதல்லவா? ஆனால் 1964-ல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்து, பட்ட மேற்படிப்பில் வர்மம் பாடமாகவும் ஆகிவிட்ட பிறகு அந்தப் பூட்டு இன்னும் எதற்கு? ரகசியம் மருத்துவத்துக்கு நல்லதல்ல, நோயாளிக்கு இன்னும் நல்லதல்ல.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்பவர்களுக்கு இன்னொரு பழைய கதை உதவும். 1977-ல் மெல்சாக் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் அக்குபங்சர் புள்ளிகளையும் டிரிக்கர் பாயிண்டுகளையும் ஒப்பிட்டு, 71 சதவீதம் பொருந்துகிறது என்று எழுதினார்கள். உலகமெங்கும் அந்த எண் மேற்கோளாக ஓடியது. 2003-ல் ஸ்டீபன் பர்ச் அதே கணக்கைப் பிரித்துப் பார்த்து, உண்மையில் வலிக்குப் பயன்படுத்தும் புள்ளிகளை மட்டும் எடுத்தால் பொருத்தம் இருபது சதவீதத்தைக்கூட எட்டுவது சந்தேகம் என்றார். உடம்பு கையகலம், புள்ளிகளோ நூற்றுக்கணக்கு. இரண்டு படத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஏதோ ஒன்று ஏதோ ஒன்றின் பக்கத்தில் விழத்தான் செய்யும். வர்மத்தோடு செய்யப்படும் ஒப்பீடுகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஓரிடத்தில் மட்டும் பொருத்தம் தற்செயல் அல்ல. காக்கட்டைக் காலம் இருக்கும் பகுதி, காறை எலும்பை ஒட்டிக் கழுத்தும் தோளும் சேரும் சரிவு, இரண்டு மரபுமே கையை அடக்கச் சொல்லும் இடம். உள்ளே என்ன இருக்கிறது? நுரையீரலின் உச்சி முதல் விலா எலும்பையும் தாண்டி அங்கே மேலே எட்டிப் பார்க்கிறது. கைக்குப் போகும் நரம்புக் கற்றை அவ்வழியே இறங்குகிறது. பெரிய தமனி ஒன்று பக்கத்திலேயே. உலர் ஊசி (டிரை நீட்லிங்) போடுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் எச்சரிக்கை, தோள் தசையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்துத்தான் குத்த வேண்டும், நெஞ்சுக்குள் நோக்கி ஊசி போகக் கூடாது என்பது. தவறினால் நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்து மூச்சு முட்டும். ஆசான் உயிர்நிலை என்கிறார், உடற்கூறியல் நுரையீரல் உச்சி என்கிறது. உடம்பு ஒன்றே என்பதால் ஆபத்தும் ஒன்றாகிவிட்டது.

இதே தோள்தான் ஸ்ரீரங்கத்தில் உற்சவர் நம்பெருமாளைத் தாங்குகிறது. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து என்று இருபது நாளுக்கு மேல் புறப்பாடு. சிம்மகதி, சர்ப்பகதி என்று பெருமாளின் நடைக்கு ஏற்ப, அவரைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் முன்னேறிப் பின்வாங்கி, அசைந்து, சட்டென்று நின்று, பாரத்தைத் தோளில் சுழலவிட வேண்டும். காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர் பாரத்தை இறக்கிவைக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு நடக்கிறார். இவர்கள் இறக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு நிற்கிறார்கள். நடக்கும் பாரத்தை விட நிற்கும் பாரம் தசைக்குக் கெடுதல். சுருங்கி விரியும் தசை இரத்தத்தைப் பம்பு செய்துகொள்ளும். சுருங்கியே நிற்கும் தசைக்கு அந்த வசதி இல்லை. டிரிக்கர் பாயிண்ட் விளக்கம் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. வைரக்கல் தொழிலாளியின் கழுத்துக்கும் இதே விளக்கம்தான். அவர் தாங்குவது தன் தலையை மட்டும், ஆனால் நாள் முழுக்க. மாறாக, கூட்ட நெரிசலில் வாரை நழுவி ஒருவர் தோளில் இடித்துவிட்டால், அடிபட்ட இடத்தைத் தொட்டு, நேரத்தைக் கணக்கிட்டு, தைலம் போட்டுக் கட்டும் வர்ம மரபு தன் சொந்த ஊருக்கு வந்துவிடுகிறது. (எலும்பு முறிவு இல்லை என்று எக்ஸ்ரேயில் பார்த்த பிறகு, தயவுசெய்து.)

அப்படியானால் நாள்பட்ட பிடிப்புக்குத் தில்லைநகர், திடீர் அடிக்கு ஸ்ரீரங்கம் என்று பிரித்துவிடலாமா? அவ்வளவு சுத்தமாகப் பிரியாது. பிசியோதெரபிஸ்ட் நாலரை ஆண்டு படித்தவர், சித்த மருத்துவர் ஐந்தரை ஆண்டு. இருவருக்கும் உடற்கூறியல் தெரியும். சில வார வகுப்பில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, இரண்டு படங்களையும் சுவரில் மாட்டிவைத்திருக்கும் மூன்றாமவரிடம்தான் கூட்டம் அதிகம், கட்டணமும் குறைவு. இடது தோளும் கையும் வலிக்கிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்று வரும் ஆளைப் படுக்கவைத்து எண்ணெய் தேய்க்கக் கூடாது, புத்தூரில் உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று அந்த மூன்றாமவருக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. டிராவெலின் ஆராய்ச்சியே இதய வார்டில்தான் தொடங்கியது என்பதை அந்தப் படத்தின் கீழ் யாராவது எழுதிவைக்கலாம்.

டிராவெலுக்கு ஒரு புகழ்பெற்ற நோயாளி இருந்தார். 1955 முதல், பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் முதுகுவலியைப் பார்த்தார். ஒரு கால் குட்டை என்று கண்டுபிடித்துச் செருப்புக்குள் தக்கை வைத்தார், ஆடுநாற்காலியில் உட்காரச் சொன்னார். 1961-ல் வெள்ளை மாளிகை மருத்துவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். ஆனால் புரோக்கெய்ன் ஊசிகள் கூடிக்கொண்டே போனதைக் கண்டு மற்ற மருத்துவர்கள் கவலைப்பட்டு, அதே ஆண்டு ஹான்ஸ் கிராஸ் என்ற மலையேற்றக்காரரான மருத்துவரை வரவழைத்தார்கள். கிராஸ் ஊசியைக் குறைத்து, தசைக்கு உடற்பயிற்சி விதித்தார். கென்னடி தேறினார். புள்ளியை அழுத்துவதோ குத்துவதோ வலியைத் தள்ளிப்போடும். தசை பலப்படாமலும் இருப்பு மாறாமலும் வலி திரும்பி வரும் என்று டிராவெலின் கையேடே பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தது. நோயாளியின் நாற்காலி, தூக்கம், சாப்பாடு, கால் உயரம் என்று அவர் துருவித் துருவிக் கேட்டவற்றை விட்டுவிட்டு, சிவப்புப் புள்ளிப் படத்தை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது. வர்மத்திலும் பத்தியத்தையும் ஓய்வையும் விட்டுவிட்டு விரலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வைரக்கல் தொழிலாளியின் தலைவலிக்கு மூன்று தடவை அழுத்தியதில் நிம்மதி வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் வலி திரும்பாமலிருக்கச் சக்கரத்தை ஒரு சாண் உயர்த்தி வைக்க வேண்டும். அரை மணிக்கொரு தடவை எழுந்து தோளைச் சுழற்றிக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்தப் பெண் சொல்லி அனுப்புவார். சித்த மருத்துவரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார். கூலி கல் எண்ணிக்கைக்கு. எழுந்து நிற்கும் ஐந்து நிமிடத்தில் சக்கரத்தில் கல் இருக்காது. சக்கரமும் அவருடையதல்ல.